முதலில் பதிந்த பெயர்

றக்வான மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஸபியாவைத் தெரியாத தொழிலாளர் லயம் கிடையாது. முப்பத்தோரு வருடமாகத் துணி மூட்டையோடு அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறவள். கணவர் புவாட் இருந்த காலத்தில் மூட்டையை அவர் சுமப்பார்; இவள் பின்னால் போய் ஒவ்வொரு காம்பராவின் வாசலிலும் சேலைகளை விரித்துக் காட்டுவாள். அவர் மாரடைப்பில் போனார். இத்தா என்ற துக்க காலம் முடிந்த மறு வாரமே அவள் மூட்டையைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரே மகள் அம்ராவை எஹலியகொடையில் கட்டிக்கொடுத்தது அந்த மூட்டையை வைத்துத்தான்.

வியாபாரி என்றால் வாய் இருக்க வேண்டும். ஸபியாவுக்கு அது சேலை விற்க மட்டும்தான் இருந்தது. தமிழில் தோட்டத்துப் பெண்களிடமும், சிங்களத்தில் கிராமத்து நோனாமாரிடமும் நாள் முழுக்கப் பேசுவாள். தனக்கென்று ஒரு வார்த்தை பேச வராது. றக்வானயிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தால், அடுத்த ஹோல்டில் ஏறுகிறவருக்கு அந்த இடம் போய்விடும். கலியாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது இந்தப் பக்கத்து முஸ்லிம்களின் வழக்கம். ஏழாவதாக ஒருத்தி வந்து நின்றால் எழும்புகிறவள் ஸபியாதான். "எனக்குப் பசியில்ல, நீங்க இரீங்க" என்பாள். பசி இருக்கும். சபையில் யாரும் அதைக் கேட்டதில்லை. நல்ல மனிசி, நல்ல மனிசி என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்கும்போது அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது உண்மை.

ஐம்பத்தொன்பதாவது வயதில், முதல் தடவையாக, அவள் தனக்கென்று ஓர் இடம் கேட்டாள். உம்ராவுக்குப் போகும் இடம்.

றிஸ்மி அவள் இருக்கும் ஒழுங்கையிலேயே பிறந்து வளர்ந்தவன். முப்பத்திரண்டு வயது. இரத்தினபுரியில் ஒரு பயண ஏஜென்சியில் சேர்ந்து, வருடத்துக்கு இரண்டு கூட்டம் மக்காவுக்குக் கூட்டிப் போவான். இந்தத் தடவை கூட்டம் போகிறது என்று அறிவித்த அன்றைக்கே, பள்ளிவாசல் முன்னால் வைத்து ஸபியா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"மகன், எண்ட பேர எழுதிக்க."

"மாமி, இன்னும் எட்டு மாசம் ஈக்கி."

"இருந்தா என்ன? நீ எழுது."

அவன் சிரித்துக்கொண்டே புதுக் கொப்பியைத் திறந்து முதல் பக்கத்தில், முதல் வரியில், ஒன்று என்று இலக்கமிட்டு அவள் பெயரை எழுதினான். ஸபியா அந்த வரியை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

புறப்படுவதற்கு முந்திய பத்து நாளும் அவள் வியாபாரம் செய்யவில்லை. மூட்டை இல்லாமல் மலை ஏறினாள். மக்காவுக்குப் போகிறவர்கள் உற்றார் அயலாரிடம் போய்ப் பிழை பொறுக்கக் கேட்பது வழக்கம். ஒழுங்கையிலுள்ள வீடுகளோடு முடித்துக்கொண்டிருக்கலாம். அவள் தோட்டத்துப் பிரிவுகளுக்கும், ஒவ்வொரு டிவிஷனாகப் போனாள். லயத்துப் பெண்கள் அவள் வெறுங்கையோடு வருவதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். மேல் டிவிஷன் சுப்பம்மா, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன துணிக்காரம்மா, எங்கிட்டப் போயி மன்னிப்புக் கேக்குறீங்க? நீங்க எங்களுக்கு என்ன கெடுதல் பண்ணீங்க?"

"சாயம் போற சேலய சாயம் போகாது எண்டு வித்திருப்பேனே சுப்பம்மா."

"அது வித்தீங்கதான்," என்று சுப்பம்மா சிரித்தாள். "அந்தப் பச்ச சேல. சரி, மன்னிச்சிட்டேன். அங்க போயி எம்மகளுக்காகச் சாமிகிட்டச் சொல்லுங்க. கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, ஒரு புள்ள இல்ல."

ஸபியா அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள். அந்தக் கொப்பியில் பத்தொன்பது பக்கம் நிறைந்தது. யாருக்குப் பிள்ளை, யாருக்கு வேலை, யாருடைய கால் வீக்கம், யாருடைய புருஷன் குடியை விட வேண்டும் என்று முஸ்லிம் பெயரும் தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் கலந்து கிடந்தன.

புறப்பட்ட அன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னால் துஆ ஓதி வழியனுப்பினார்கள். ஒழுங்கையே திரண்டு நின்றது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களை எண்ண முடியாது. வேன் வளைவுகளில் இறங்கும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சலாம் சொல்லி முடித்தாயிற்று. இனித் திரும்பி வரும்போதுதான் இந்த ஊர்.

பத்தரை மணியளவில் விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். றிஸ்மியோடு நாற்பத்துநாலு பேர். எல்லோர் கழுத்திலும் பச்சை நாடாவில் அட்டை. எல்லாப் பாஸ்போட்டும் றிஸ்மியின் பையில். ஸபியா தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் நிவித்திகலயைச் சேர்ந்த ஸமீம் நானாவும் மனைவியும். ஸமீம் நானாவுக்கு எழுபத்துமூன்று வயது. ஊரிலிருந்தே இஹ்ராம் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு வெள்ளைத் துணி, ஒரு கைத்தடி, ரப்பர் செருப்பு. நெஞ்சு எலும்பு தெரிய, ஓதிக்கொண்டே நின்றார்.

கவுண்டரில் றிஸ்மி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பக்கமாக ஒதுங்கி, போனில் பேசினான். பிறகு மீண்டும் கவுண்டருக்குப் போனான். கூட்டத்தில் பாதிப் பேர் பெட்டி போட்டு, விமானம் ஏறும் துண்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகத் தொடங்கியிருந்தார்கள். அப்போதுதான் அவன் வரிசையின் பின்பக்கம் வந்து, தாழ்ந்த குரலில் பெயர் கூப்பிட்டான்.

"ஸபியா மாமி. ஸமீம் நானா, ஒங்கட மனிசியும். நுஸ்கா தாத்தா. பெல்மதுளை டீச்சர்மார் ரெண்டு பேரும். கொஞ்சம் இங்கால வாங்க."

ஆறு பேரும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஒரு தூணோரமாகப் போய் நின்றார்கள். ஸபியாவுக்கு முதலில் வந்த நினைப்பு, தங்களை முன்னால் அனுப்பப் போகிறான் என்பதுதான்.

"ஒரு சின்னப் பிரச்சின," என்றான் றிஸ்மி. "ப்ளேன்ல எடம் காணாது. அவங்க ஈக்கிற சீட்ட விடக் கூட டிக்கெட் வித்தீக்கிறாங்க. நாப்பத்துநாலு கேட்டேன், முப்பத்தெட்டுத்தான் தருவாங்களாம். ஆறு பேர் அடுத்த ப்ளேன்ல வரணும்."

ஸமீம் நானா ஓதுவதை நிறுத்தியிருந்தார்.

"டிக்கெட் எங்கட கையில ஈக்கி தானே?" என்றாள் நுஸ்கா. இந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா; முப்பத்தைந்து வயதுக்காரி, புருஷனை வாகன விபத்தில் பறிகொடுத்தவள். "பேர் போட்டு, தேதி போட்டு ஈக்கி. எப்படி எடமில்லாமப் போகும்?"

"அப்படித்தான் தாத்தா எல்லா ப்ளேனும். டிக்கெட் எடுத்துப் போட்டு வராம விடுற ஆக்கள் ஈப்பாங்க தானே. அதுக்காகக் கூட வித்து வெப்பாங்க. இண்டைக்கு எல்லாரும் வந்துட்டாங்க."

எல்லோரும் வந்துவிட்டார்கள் என்பது ஒரு குற்றம் போல அவன் சொன்னான். ஸபியாவுக்கு இரத்தினபுரி பஸ் நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் கூட, நம்பர் போட்ட சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தால் கொண்டக்டரின் சட்டையைப் பிடித்துவிடுவார்கள். இது வானத்தில் போகிற வாகனம். வராதவர்களை நம்பி வந்தவர்களின் இடத்தை விற்றிருக்கிறார்கள்.

"அடுத்த ப்ளேன் எப்ப?" என்று கேட்டார் ஸமீம் நானா.

"அது... பாத்துச் செல்றேன். நீங்க ஊருக்குப் போய் இரீங்க. நான் அங்கயிருந்து கோல் எடுக்கிறேன்."

"ஊருக்கா?" கிழவர் தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். "இஹ்ராமோட ஈக்கிறேனே மகன்."

"நிய்யத் வெச்சு உம்ராவ இன்னும் தொடங்கல்ல தானே நானா. கழட்டலாம்."

ஸமீம் நானா தள்ளுவண்டியின் விளிம்பில், பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேல் துணி தோளிலிருந்து நழுவியது. மனைவி அதை எடுத்துப் போர்த்தினாள். அது நிற்கவில்லை, மீண்டும் நழுவியது.

றிஸ்மி பையிலிருந்து ஆறு கடதாசிகளை எடுத்தான். இங்கிலீஷில் அச்சடித்த கடதாசி. "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க. சும்மா ஒரு போர்மலிட்டி." முதல் கடதாசியை ஸபியாவிடம்தான் நீட்டினான். பேனாவையும் திறந்து கொடுத்தான்.

ஸபியா பேனாவை வாங்கினாள். பழக்கம், நீட்டியதை வாங்குகிற கை. கடதாசியைப் பெட்டியின் மேல் வைத்து, கையெழுத்துப் போடும் கோட்டின் மேல் பேனா முனையையும் வைத்துவிட்டாள். ஏன் எழுதாமல் நிறுத்தினாள் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிவாசல் முன்னால் அழுதவர்களின் முகமெல்லாம் ஒரேயடியாக வந்து கண்ணில் நின்றதாம். இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் அந்த ஒழுங்கையில் பெட்டியோடு எப்படி இறங்குவது?

"இதுல என்ன எழுதி ஈக்கி மகன்?"

"நீங்க அடுத்த ப்ளேன்ல வாறீங்க எண்டு."

அவள் கடதாசியை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டரை நோக்கி நடந்தாள். "மாமி, மாமி, எங்க போறீங்க?" என்று றிஸ்மி பின்னால் வந்தான். அவள் நிற்கவில்லை. கவுண்டரின் ஓரத்தில் கோட் போட்ட ஒரு சிங்களப் பெண் அதிகாரி நின்றாள். ஸபியா, கிராமத்து வீடுகளில் சேலை விரிக்கிற அதே சிங்களத்தில், அதே குரலில் கேட்டாள்.

"மகளே, எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் சொல்லேன்."

அந்தப் பெண் கடதாசியை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸபியாவையும் பார்த்தாள். "அம்மே, நீங்கள் உங்கள் சொந்த விருப்பத்தில் இந்தப் பயணத்திலிருந்து விலகிக்கொள்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறது. எங்களிடம் வேறெதுவும் கேட்க மாட்டீர்கள் என்றும்."

"என்னுடைய விருப்பமா?"

"விருப்பமில்லையா? ஆறு பேர் விரும்பி விட்டுக்கொடுத்தார்கள் என்றுதானே உங்கள் தலைவர் பெயர் தந்தார்."

ஸபியா கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி பயந்துபோய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஸபியா கேட்டது வேறொன்று.

"யார் யார் என்று தெரிந்தெடுத்தது நீங்களா?"

"இல்லை அம்மே. கூட்டமாக வந்தால் தலைவர்தான் தெரிவு செய்வார். இதோ." ஒரு துண்டுக் கடதாசியைத் திருப்பிக் காட்டினாள். றிஸ்மியின் கையெழுத்தில் ஆறு பெயர்கள். ஒன்று: ஸபியா.

கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்த அதே பெயர். அதே கையெழுத்து. எட்டு மாதத்துக்கு முன்னால் சேர்ந்தவள் அவள். எஹலியகொடை மாணிக்க வியாபாரி அப்லால் குடும்பம், ஒன்பது பேர், மூன்று வாரத்துக்கு முன்னால்தான் சேர்ந்தது. அந்த ஒன்பது பேரும் துண்டு வாங்கிக்கொண்டு, உள்ளே போகும் வாசலருகே, பேரப்பிள்ளைகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டு நின்றார்கள்.

அவள் திரும்பினாள். றிஸ்மி பக்கத்திலேயே நின்றான். சிங்களம் அவனுக்கும் தெரியும், எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"முதல்ல பதிஞ்சது நான் தானே?"

"ஓம் மாமி."

"அப்ப ஏன் எண்ட பேர முதல்ல எழுதின?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அழுத்திக் கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பான். அவள் மெதுவாகக் கேட்டதால் உண்மை வந்துவிட்டது.

"அப்லால் ஹாஜியார எறக்கினா பெரிய சண்ட வரும் மாமி. டீச்சர்மாருக்கு யாருமில்ல. ஸமீம் நானா ஒண்டும் கதைக்க மாட்டாரு. நீங்க... நீங்க ஒண்டும் செல்ல மாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். நல்ல மனிசி தானே நீங்க."

ஸபியா அவனை அடிக்கவில்லை. சத்தம் போடவில்லை. ஐம்பத்தொன்பது வருடமாக ஊர் அவளைப் புகழ்ந்த அந்த வார்த்தைக்கு இப்படியொரு அர்த்தம் இருந்திருக்கிறது. பஸ்ஸிலும் பந்தியிலும் அவள் எழும்பியபோதெல்லாம், இவளை எழுப்பலாம் என்று யாரோ கணக்கில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவள் அதைத் தன் நற்குணம் என்று நினைத்திருந்தாள்.

கடதாசியை அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

"மகளே, நான் விரும்பவில்லை. கையெழுத்தும் போட மாட்டேன். அங்கே நிற்கிற ஐந்து பேரும் விரும்பவில்லை. அந்தக் கிழவரைப் பார்."

அதிகாரி பார்த்தாள். வெள்ளைத் துணியில், பெட்டி மேல், தலை குனிந்து உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இன்னொரு மேலதிகாரியும் கூட வந்தார். றிஸ்மியோடு இங்கிலீஷில் கடுமையாகப் பேசினார்கள். பிறகு செய்ய வேண்டிய முறையைச் செய்தார்கள்: அந்த விமானத்துக்கு வந்திருந்த எல்லோரிடமும், இரண்டு நாள் கழித்துப் போக யாருக்காவது சம்மதமா, தங்குமிடமும் நட்டஈடும் விமானக் கம்பனி தரும் என்று மூன்று பாஷையிலும் அறிவித்தார்கள். அரபு நாட்டுக்கு வேலைக்குப் போகிற இளந்தாரிகள் நான்கு பேர் கை தூக்கினார்கள். இரண்டு நாள் ஹோட்டலில் படுக்கலாம் என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

நான்கு இடம் கிடைத்தது. ஆறு பேர் இருந்தார்கள்.

"ஸமீம் நானாவும் மனிசியும் போகட்டும்," என்றாள் ஸபியா. அதில் யாருக்கும் மறுப்பில்லை. மீதி இரண்டு. டீச்சர்மார் இருவரும் அக்கா தங்கை. ஒருவருக்குச் சீனி வருத்தம், ஊசி போட மற்றவர் வேண்டும். நுஸ்கா ஸபியாவைப் பார்த்தாள். ஸபியா உடனே "நான் நிக்கிறேன்" என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் வந்ததையும் அடக்கிக்கொண்டாள். அப்லால் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

"நீங்க கடைசியாச் சேந்தவங்க. ஒங்கட ஒம்பது பேர்ல ரெண்டு பேர் நிக்க ஏலுமா?"

அப்லால் போனைத் தாழ்த்தினார். "எங்கட குடும்பத்தப் பிரிக்க ஏலாது தாத்தா. அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான்."

"அது அல்லாஹ்வும் நானும் பாத்துக்கொள்றது," என்று சொல்லிவிட்டு ஸபியா திரும்பி வந்தாள். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

டீச்சர்மார் போனார்கள். ஸபியாவும் நுஸ்காவும் நின்றார்கள். இரண்டு நாள் கழித்துப் போகும் விமானத்தில் ஆசனம் இலக்கத்தோடு எழுதி, முத்திரை குத்தி, றிஸ்மியிடம் வாங்கிய பாஸ்போட்டுகளையும் தங்குமிடத்துக்கான கடிதத்தையும் அந்தச் சிங்களப் பெண்ணே கையில் கொடுத்தாள்.

கடைசி ஆளாக றிஸ்மி உள்ளே போக வேண்டும். போகிறவன் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது.

"மாமி, நான் அந்தப் பூமிக்குப் போறேன். பிழைய பொறுத்துக்கோங்க."

ஸபியா பத்து நாளாக அந்த வார்த்தையை வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவள். இல்லை என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. சாயம் போன சேலைக்காரி கூடச் சிரித்துக்கொண்டே மன்னித்தாள். அந்த வார்த்தை கேட்கப்பட்டால் ஒரே பதில்தான் உண்டு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"இல்ல," என்றாள்.

நுஸ்கா அவள் கையைப் பிடித்தாள். விமானத்துக்குக் கூப்பிடும் அறிவிப்பு மூன்று பாஷையிலும் கேட்டது. அவன் போய்விட்டான். ஸபியா தள்ளுவண்டியை வெளிவாசல் பக்கம் திருப்பினாள்.

கட்டுநாயக்கவிலிருந்த அந்த ஹோட்டலுக்கு வேனில் கொண்டுபோய் விட்டார்கள். மத்தியானம் திரும்பிவிட்டது. வரவேற்பு மேசையிலிருந்த மனிதன் கடிதத்தை வாசித்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், பிறகு மூக்கைச் சொறிந்தான். அறைகள் எல்லாம் போய்விட்டன என்றான். வழமையாகச் சிலர் வராமல் விடுவார்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பதிவதுண்டு, இன்றைக்கு—

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டாள் நுஸ்கா.

"ஆமாம் மிஸ்."

நுஸ்கா சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று ஸபியாவுக்குத் தெரியவில்லை. அவளைக் கூட்டிப் போய், மண்டபத்தின் நடுவிலிருந்த பெரிய சோபாவில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலையும் மடக்கி மேலே வைத்துக்கொண்டாள்.

மனேஜர் வந்தார். பக்கத்தில் வேறொரு இடம் பார்த்துத் தருவதாகவும், அதுவரை வெளியே காத்திருக்கும் பகுதியில் இருக்கும்படியும் பணிவாகக் கேட்டார். கலியாணக் கூட்டமொன்று போட்டோ எடுக்க வருகிறதாம், அந்தச் சோபா வேண்டுமாம்.

"அறை தாருங்கள், எழும்புகிறேன்," என்றாள் ஸபியா சிங்களத்தில். "அதுவரைக்கும் இதுதான் என் அறை."

அம்ரா எஹலியகொடையிலிருந்து போனில் அழுதாள். "உம்மா, இங்க வாங்க, வந்து ரெண்டு நாள் இரீங்க, வேன் அனுப்புறேன்."

"சலாம் செல்லிட்டு வந்தவ நான். திரும்பி வர ஏலாது மகள். அழாத. நான் நல்லா உட்காந்து ஈக்கிறேன்."

கலியாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சோபாவில் கறுப்பு அபாயாவோடு இரண்டு பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் போட்டோக்காரன் மனேஜரிடம் கையை விரித்தான். இருபது நிமிடத்தில் ஓர் அறை கிடைத்தது. எங்கிருந்து வந்தது என்று ஸபியா கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அறை இருந்திருக்கிறது. முதலிலிருந்தே இருந்திருக்கிறது. எழும்பாதவர்களுக்குக் கொடுக்க, எங்கேயும் ஒன்று வைத்திருக்கிறார்கள். தன் வாழ்நாளில் இப்படி எத்தனை இடம் இருந்திருக்கும் என்று யோசித்தாள். யோசிக்க முடியாமல் நுஸ்காவிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னபடி போனார்கள். கஃபாவைக் கண்டபோது ஸபியா மற்றவர்களைப் போலத்தான் அழுதாள். கொப்பியை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லித் துஆ கேட்டாள். சுப்பம்மாவின் மகளுக்காகக் கேட்டாள், கால் வீக்கங்களுக்காகக் கேட்டாள். கடைசிப் பக்கம் முடிந்ததும், எழுதாத ஒரு பெயர் மீதி இருந்தது. சொல்லப் பார்த்தாள். றிஸ்மியின் பெயர் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது.

"வருதில்ல நுஸ்கா," என்றாள்.

"விடுங்க தாத்தா. வராததக் கட்டாயப்படுத்தி என்ன?"

"இங்க வந்தும் வருதில்லயே."

அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. தன்னிடம் இப்படியொரு கல் இருந்ததை அவள் அறிந்ததில்லை. றிஸ்மியோ அங்கிருந்த நாள் முழுக்க அவளுக்கு எதிரே வராமல் சுற்றுப்பாதையில் போனான். ஸமீம் நானா மட்டும் காணும்போதெல்லாம் கைத்தடியைத் தூக்கி அவளுக்குச் சலாம் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் சின்னச் சின்னப் போத்தல்களில் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு டிவிஷன்களுக்குப் போனாள். மக்கா எப்படி என்று கேட்டவர்களுக்கு அவள் முதலில் சொன்னது கவுண்டரைப் பற்றித்தான். சுப்பம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அந்தப் பயல மன்னிச்சீங்களா?"

"இன்னும் இல்ல."

"நல்லது. அவசரப்படாதீங்க," என்றாள் சுப்பம்மா, பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிவிட்டு. "எங்களுக்கும் இங்க அப்பிடித்தான். வாயில்லாதவ பேரத்தான் மொதல்ல எழுதுவாங்க."

றிஸ்மி ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். வாசலில் நின்று மறுபடியும் கேட்டான். ஸபியா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தேத்தண்ணி கொடுத்தாள்.

"குடி. அதக் கேக்காத. ஒண்டு செல்லு. அடுத்த கூட்டத்துல ஆள் மிஞ்சினா யாரோட பேர எழுதுவ?"

அவன் தேத்தண்ணி பாதியில் இருக்க எழும்பிப் போனான்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் ஒழுங்கையில் கண்டால் சலாம் சொல்வான். அவள் பதில் சலாம் சொல்வாள். அவ்வளவுதான். அடுத்த கூட்டமும் போய் வந்தது. அது வந்து மூன்றாம் நாள் அவன் கேட்காமலே வந்து கதிரையில் உட்கார்ந்தான். வலது கண்ணின் கீழே ஆறிய காயம்.

"இந்த முறையும் மூணு சீட் காணாமப் போச்சு மாமி," என்றான். "முதல்ல கவுண்டர்ல செல்லி, விரும்பினவங்களக் கேக்க வெச்சேன். யாரும் வரல்ல. பொறகு கொப்பிய எடுத்து எல்லாருக்கும் முன்னால வாசிச்சேன். கடைசியாப் பதிஞ்ச மூணு பேர். ஒருத்தர் ஏஜென்சி முதலாளிட மச்சான்."

"அவரா அடிச்சது?"

"அவர்ட மகன்."

ஸபியா காயத்தைப் பார்த்தாள். கன்னத்து எலும்புக்கு மேலே, கொஞ்சம் தவறியிருந்தால் கண் போயிருக்கும்.

"வேல?"

"போச்சு. இரத்தினபுரியில ஒரு பார்மஸியில கேட்டீக்கிறேன்."

அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். இந்தத் தடவை அவன் முழுவதையும் குடித்தான். பிழை பொறுக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் போன பிறகு, வெறும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலையில் புதுச் சேலைகள் வந்திருந்தன. மூட்டையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மேல் டிவிஷனுக்குப் போகும் படிகளில் ஏறினாள்.